உட்கார விடாதவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு, கெல்சென்கிர்ச்சன் நகரின் ஓரத்தில் இருந்த ஒரு ரக்பி மைதானத்தில் என் மகள் விழுந்தாள். எழவில்லை. அடுத்த நிமிடம் நான் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி, வாயைத் திறந்தேன். மகளின் எலும்பு சில மாதங்களில் பொருந்திவிட்டது. நான் சொன்ன சொல் அப்படியே கிடக்கிறது.

யாரைப் பார்த்துச் சொன்னேனோ அவரைப் பற்றித்தான் எழுதப் பார்க்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. அவர் இப்போது ஜெர்மனியில் இல்லை, முன்பு வேலை செய்த அயர்லாந்துக்கே போய்விட்டார். ஆனாலும் பிராங்பேர்ட் பக்கத்துத் தமிழர்களுக்கு இரண்டு வரியிலேயே ஆள் பிடிபட்டுவிடும். கட்டையான உருவம், அகன்ற தோள், மழையென்றாலும் வெயிலென்றாலும் ஒரே பச்சை மழைச்சட்டை. ஐம்பதைத் தாண்டிய பெண். கிழமை நாட்களில் மருத்துவமனையில் தாதி. சனி, ஞாயிறு என்றால் ரக்பி.

அவரால் உட்கார முடியாது. மற்றவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவும் முடியாது.

முதலில் இதை நான் மைதானத்தில் கவனிக்கவில்லை, தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில்தான் கவனித்தேன். மேடையில் பிள்ளைகளின் நாடகம். இடைவேளையில் அவர் மேடைக்குப் பின்னால் போய், தயாரித்த ஆசிரியரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மூலையில முழு வேஷம் போட்டுக்கிட்டு ஒரு புள்ள குந்தியிருக்கே, அது யாரு?"

"அவ ராணிக்கு மாற்று. ராணிக்கு ஏதும் சுகமில்லாமல் போனால் எண்டு..."

"ராணிக்குச் சுகமா இருக்கு, நல்லா கத்துது. இந்தப் புள்ளைக்கும் வசனம் பாடமா?"

"முழுக்கப் பாடம்."

"அப்ப ரெண்டாம் பாதிக்கு இவ ராணி. ராணி மாறினா நாடு கவுந்துடுமா?"

ஆசிரியர் சிரித்தார், மறுத்தார், கடைசியில் இணங்கினார். இரண்டாம் பாதியில் ராணி அரை அடி வளர்ந்து வந்தாள். சபை ஆரவாரித்தது. முதல் ராணியின் தாய் மட்டும் எழுந்து வெளியே போனார். இவர் அந்தத் தாயின் பின்னாலேயே போய் வாசலில் நின்று ஏதோ சொன்னதையும், அந்தத் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். அவர் எல்லாருக்கும் பிடித்தமானவர் இல்லை. திருமண மண்டபத்தில் கைத்தொலைபேசியோடு சாய்ந்திருக்கும் இளைஞர்களின் கையில் சாம்பார் வாளியைத் திணித்துவிடுவார். "உன் கல்யாணத்துக்கும் இப்படித்தான் குந்தியிருப்பியாடா?" என்பார். அவர் மண்டபத்துக்குள் வந்தாலே சில இளைஞர்கள் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார்கள்.

மைதானத்தில் இதையே அவர் பெரிய அளவில் செய்தார். ஜெர்மனியில் பெண்பிள்ளைகளின் ரக்பி அணிகள் குறைவு. பெரிய நகரத்துக் கழகத்தில் ஒரே இடத்துக்கு மூன்று பேர் நிற்பார்கள், இருவர் பெஞ்சில் குளிரில் விறைப்பார்கள். சின்ன ஊர்க் கழகத்திலோ அந்த இடத்துக்கு ஆளே இருக்காது. இவர் வெள்ளிக்கிழமை மாலைகளில் தொலைபேசியை எடுத்தால், அங்கே கூடியிருக்கும் பிள்ளையை இங்கே கேட்பார், ஒரு பருவத்துக்குக் கொடுங்கள், பயிற்சி உங்களிடமே, ஆட்டம் மட்டும் அவர்களுக்கு என்பார். அயர்லாந்து உச்சரிப்பில் ஜெர்மன் பேசி, பயிற்சியாளர்களைத் திட்டி, கெஞ்சி, கேலி செய்து காரியத்தை முடிப்பார். பிறகு ஞாயிறு காலையில் தன் பழைய வான் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் ஊராக இறக்கிவிட்டுக்கொண்டே போவார். "சந்தைக்கு மரக்கறி ஏத்திப் போறேன்" என்பார். பிள்ளைகள் "நான் கத்தரிக்காய்", "நான் பூசணி" என்று கூவுவார்கள்.

அவரை நான் முதலில் சந்தித்தது பிராங்பேர்ட்டில், மகளின் கழக மைதானத்தில். அவரே வந்து பேசினார்.

"தமிழா தம்பி?"

"ஓம் அக்கா. நீங்கள் எவ்விடம்?"

"ஓஃபன்பாக். ரெண்டு ஸ்டேஷன்."

"இல்லை அக்கா, ஊரில எவ்விடம்?"

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வி வணக்கம் சொல்வது போல வரும். ஊரைச் சொன்னால் பள்ளிக்கூடம் தெரியும், பள்ளிக்கூடத்தைச் சொன்னால் உறவு தெரியும், உறவைச் சொன்னால் வாய்விட்டுக் கேட்காத மற்றதும் தெரிந்துவிடும். முப்பது வருடம் ஜெர்மன் தண்ணீர் குடித்தும் இந்தக் கேள்வி என் நாக்கை விட்டுப் போகவில்லை.

"ஹட்டன் பக்கம் தம்பி. தோட்டம்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அதில் என்ன வரும் என்று முன்பே அறிந்தவர் பார்க்கும் பார்வை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கூலிகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்களை எங்கள் ஆட்கள் ஒரு படி கீழேதான் வைப்பார்கள்.

"ஓ" என்றேன். அன்றைக்குப் பிறகு என் வாயில் 'அக்கா' வரவில்லை. வேண்டுமென்று விட்டதில்லை. 'நீங்கள்' என்று மரியாதையாகத்தான் பேசினேன், உறவுச் சொல் மட்டும் உதிர்ந்துவிட்டது. அவர் கடைசிவரை என்னைத் 'தம்பி' என்றே கூப்பிட்டார்.

என் மகளுக்கு அப்போது பதினாறு. விழுந்து கிடக்கும் ஆட்களின் குவியலுக்குள்ளிருந்து பந்தைப் பிடுங்கி வெளியே எறியும் இடம் அவளுடையது. அந்த இடத்துக்கு அவளுடைய கழகத்தில் அவளுக்கு மேல் இரண்டு பேர். எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு நாள் அவள் இருபத்தொன்று என்ற இலக்கம் போட்ட சட்டையுடன் வந்தாள். படம் எடுத்து இலண்டன், டொரோண்டோ, யாழ்ப்பாணம் என்று குடும்பக் குழு முழுவதற்கும் அனுப்பினேன். "எங்கள் வீராங்கனை, இலக்கம் 21" என்று கீழே எழுதினேன். மகள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. தொடங்கி ஆடுகிறவர்களுக்குப் பதினைந்து வரைதான் இலக்கம், அதற்கு மேலே பெஞ்ச் என்று பல மாதம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அதற்குள் டொரோண்டோவில் ஒருவர் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி குசினியில் ரோல்ஸ் பொரித்திருந்தாள்.

"இருங்கோ அக்கா" என்றாள் மனைவி. அவளுக்கு அந்தச் சொல் தடையில்லாமல் வந்தது.

"எனக்கு மூலம். உட்கார ஏலாது" என்றார்.

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாள். அவர் நின்றபடியே மேசையில் நான்கு தட்டுகளை விரித்தார்.

"அயர்லாந்துல நாலு பக்கத்துக்கும் நாலு பெரிய அணி. நான் மேற்குப் பக்கம், கால்வேயில வேலை செஞ்சேன். இந்தா, இது டப்ளின். கிழக்கு." ஒரு தட்டில் மூன்று ரோல்ஸ் வைத்தார். "மூணும் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தன்தான் ஒரு நேரத்துல ஆடலாம். மூணாவது ரோல் என்னாகும்?"

"ஆறிப் போகும்" என்றாள் மனைவி.

"இந்தப் பக்கம் பாருங்க, கால்வே. தட்டு காலி." மூன்றாவதை எடுத்துக் காலித் தட்டில் வைத்தார். "ஒரு பருவம் அங்க அனுப்புவாங்க. போற வருஷம் யாருன்னே தெரியாத பொடியன், வார வருஷம் நாட்டுக்கே ஆடுவான். நான் கண்ணால பார்த்தது. சில பேர் போய் அப்படியே காணாமலும் போயிருக்காங்க, அதையும் சொல்லணும். ஆனா இடம் மாத்துறதை யாரும் கேவலமா நினைக்கல."

"அப்ப என்ர மகள் மூண்டாவது ரோல்ஸ்" என்றேன்.

"இப்ப ஆமா. கெல்சென்கிர்ச்சன்ல ஒரு சின்ன அணி. அந்த இடத்துக்கு ஆளே இல்ல. நான் முடிவு பண்ணிட்டேன் தம்பி. கிழமையில இங்கயே பயிற்சி, ஞாயித்துக்கிழமை அங்க ஆட்டம்."

"பிள்ளையைக் கேட்டனீங்களோ?"

அவர் குசினிப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "நான்தான் முடிவு பண்ணேன்" என்றார் மறுபடி. பிறகு அந்த ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த நாட்டில் பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்குக் கிம்னாசியம். மற்றப் பள்ளிக்கூடங்களின் பெயரை எங்கள் வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். மகளைக் கிம்னாசியத்தில் சேர்க்க நானும் மனைவியும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பெரிய கழகம் எனக்குக் கிம்னாசியம், சின்னக் கழகம் அந்த மற்றது. மேலேயிருந்த பிள்ளையை ஒருவர் கீழே இறக்குகிறார் என்றுதான் என் மண்டைக்குள் ஏறியது. அதிலும் யார் இறக்குகிறார் என்பது சேர்ந்தே ஏறியது. அதை எழுதும்போது கை கூசுகிறது.

மனைவி சம்மதித்தாள். நானும் தலையாட்டினேன். குடும்பக் குழுவில் "விசேட பயிற்சிக்காக வேறு நகரம் செல்கிறாள்" என்று எழுதினேன்.

ஆனால் கெல்சென்கிர்ச்சனில் என் தங்கை இருக்கிறாள். அவளுக்குப் பொய் சொல்ல முடியாது. மகள் சனிக்கிழமை இரவுகளில் அவள் வீட்டில்தான் தங்கப் போகிறாள்.

"அண்ணை, பிள்ளையை அங்க வேண்டாமெண்டு விட்டிட்டினமோ?" என்று கேட்டாள் தொலைபேசியில்.

"இல்லை, இது அயர்லாந்து முறை."

"இஞ்ச மைதானத்தைப் பார்த்தனீங்களோ? ஒரு பக்கம் புல்லு, மற்றப் பக்கம் சேறு. உடுப்பு மாத்துற அறைக்குக் கதவில்லை, தடுப்புத்தான். அயர்லாந்தில அப்பிடியோ?"

அவள் கேலிதான் செய்தாள். நான் அன்றிரவு சாப்பிடவில்லை.

மகள் அங்கே முதல் நாளே ஒன்பதாம் இலக்கத்தில் தொடங்கினாள். அணி பெரும் தோல்வி கண்டது. அவள் வாயெல்லாம் சேறும் பல்லுமாகத் திரும்பினாள். பிராங்பேர்ட்டில் ஆட்டம் முடிந்து வரும்போது துவைக்காமலே திரும்ப மடித்து வைக்கக்கூடிய சட்டையோடு வருவாள். இப்போது சேற்றைக் காட்டி, "இது குவியலுக்க விழுந்தது அப்பா. இது அந்தப் பெரிய பெட்டை இடிச்சது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் சலவை இயந்திரத்தைப் பற்றிப் பேசினேன். அவள் சொன்னது அப்போதே எனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அவர் ஆட்டம் முழுக்கக் கோட்டுக்கு வெளியே மேலும் கீழும் நடப்பார். அவருக்கென்று யாராவது மடக்கு நாற்காலி விரித்து வைப்பார்கள். அதில் எப்போதும் பிள்ளைகளின் மேற்சட்டைகள்தான் உட்கார்ந்திருக்கும். விழப் பயப்படும் புதுப் பிள்ளைகளிடம், "உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்து யாரும் விழப் பழகினதில்ல" என்பார். அந்த வாசகத்தை என் மகள் ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தோழிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

எல்லா இடமாற்றமும் பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காஸல் பக்கம் அனுப்பிய ஒரு பிள்ளை, புது அணியில் யாரும் பேசவில்லை என்று அழுது, ரக்பியையே விட்டுவிட்டாள். அதை எங்கள் பெற்றோர் வட்டத்தில் நான்தான் இரண்டு மூன்று பேருக்குச் சொன்னேன், கவலைப்படுகிறவன் போல. அவர் காதுக்கும் போயிருக்கும். ஒரு நாள் கோட்டருகில் என் பக்கத்தில் நின்று, நான் கேட்காமலே சொன்னார்: "அந்தப் புள்ள விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன் தம்பி. ஆட்டத்தைப் பார்த்தேன், புள்ளையைப் பார்க்கல." நான் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மகள் பந்தோடு ஓடியவளைத் தடுத்தாள். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். மேலே இன்னும் இருவர் விழுந்தார்கள். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் கேட்கிறேன், ஈர விறகு முறிவது போல. மூவர் எழுந்தார்கள்.

நான் ஓடிப் போனபோது அவர் முன்பே போய்விட்டிருந்தார். சேற்றில் முழங்காலிட்டு, என் மகளின் தலையை இரண்டு கைகளாலும் பக்கத்துக்கொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்து அசையாமலிருக்க அப்படிப் பிடிக்க வேண்டுமாம். அது எனக்குத் தெரியாது. என் பிள்ளையின் தலை அவர் கையில் இருந்தது மட்டும் தெரிந்தது.

கத்தினேன்.

"எங்கட பிள்ளையளை அங்க கொஞ்சம் இஞ்ச கொஞ்சமெண்டு பிரிச்சு விட இதென்ன உங்கட தேயிலைத் தோட்டமோ?"

சுற்றி நின்ற ஜெர்மானியர்களுக்கு அது ஒரு தகப்பனின் பதற்றம். ஒரு பெண் என் தோளில் ஆறுதலாகக் கைவைத்தாள். அங்கே தமிழ் விளங்கியவர்கள் நான்கு பேர்: நான், கோட்டோரம் நின்ற என் தங்கை, தரையில் கிடந்த மகள், அவர்.

அவர் நிமிரவில்லை. கைகளை எடுக்க முடியாது. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அந்தத் தலையைப் பிடித்தபடியே இருந்தார். காதை மூடவோ எழுந்து போகவோ எனக்குப் பதில் சொல்லவோ அவருக்கு வழியில்லாத இடத்தில் வைத்துத்தான் நான் அதைச் சொன்னேன். மகளிடம் மட்டும் ஜெர்மனில், அசையாதே, என்னையே பார், என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மாறவேயில்லை.

மகள் அவரைப் பார்த்தபடியே என்னிடம் பேசினாள்.

"அப்பா, நான்தான் கேட்டனான்."

"கதைக்காத பிள்ளை."

"என்னை எங்கயாவது அனுப்புங்கோ எண்டு நான்தான் அவாவைக் கேட்டனான். நீங்கள் ஏசுவீங்கள் எண்டு பயம். அதுதான் அவா தான் முடிவு எடுத்த மாதிரிச் சொன்னவா."

அவள் அழுதாள். வலியால் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அப்படி மட்டும் இருக்க முடியாது.

ஆம்புலன்ஸ் வந்தது. நான் ஏறினேன். அவர் ஏறவில்லை. அவருடைய வான் வண்டியில் வந்த மற்றப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களை அவரவர் வீட்டில் சேர்க்க வேண்டும். கதவு மூடும்போது பார்த்தேன். காலியான இடத்தில் இன்னும் முழங்காலிலேயே இருந்தார். ஒரு பிள்ளை கைகொடுத்து எழுப்பிக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் ஒரு நீளமான நடைபாதை, சுவரோரம் ஒரு நீளமான மரப் பெஞ்ச். மகளை எக்ஸ்ரே படம் எடுக்கக் கொண்டுபோய்விட்டார்கள். தங்கை மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்குப் போனாள். போகும்முன், "அண்ணை, அந்தக் கதை கதைச்சிருக்கக் கூடாது" என்றாள். மனைவி வேலையிலிருந்து அப்படியே ரயில் ஏறியிருந்தாள். நான் பெஞ்சில் இருந்தேன்.

ஒரு மருத்துவர் வந்து தோளடியில் காறை எலும்பு முறிந்திருக்கிறது, கழுத்துக்கு ஒன்றுமில்லை, தலையில் அடிபட்டதால் இரவு இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார். கழுத்தை அசைய விடாமல் பிடித்திருந்தவர் நல்ல வேலை செய்திருக்கிறார் என்றும் சொன்னார். யார் அவர், உங்கள் சொந்தக்காரரா என்று கேட்டார். நான் ஜெர்மனில் பதில் தேடினேன். ஆம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. மருத்துவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். படித்தவன், அலுவலகத்தில் இரண்டு மொழியில் கடிதம் எழுதுகிறவன். 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ' வரை வரும். அதற்குப் பிறகு வர வேண்டிய ஒரு சொல், நான் ஹட்டன் என்று கேட்ட நாளில் கைவிட்ட சொல், ஒத்திகையில்கூட வரவில்லை. அவர் இனி வர மாட்டார் என்றும் நினைத்தேன். வர வேண்டிய அவசியமில்லை. உண்மையில் வராமலிருந்தால் நல்லது என்று ஒரு மூலையில் விரும்பினேன். தப்பிவிடலாம்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது நடைபாதையின் அந்த முனையில் பச்சை மழைச்சட்டை தெரிந்தது. ஒரு கையில் என் மகளின் பை, மறு கையில் சேறு காய்ந்த அவளுடைய சப்பாத்துகள். அவருடைய இரண்டு முழங்கால்களிலும் வட்டமாகச் சேறு. முதலில் தாதிமார் இருந்த கண்ணாடி அறைக்குப் போய்க் கேட்டார். மகள் இருந்த அறையின் கதவை விரல் அகலம் திறந்து, உள்ளே பார்த்து, சத்தமில்லாமல் மூடினார். பிறகு என்னை நோக்கி நடந்து வந்தார். எப்போதும் விறைப்பாக, வேகமாக வருகிறவர், அன்று சுவரைத் தொட்டுத் தொட்டு வந்தார்.

நான் எழுந்தேன்.

அவர் பையையும் சப்பாத்துகளையும் கீழே வைத்தார்.

"எழும்ப வேணாம் தம்பி. கொஞ்சம் தள்ளி உட்காருங்க. எனக்கும் நிக்க ஏலாம இருக்கு."